கண்ணை மறைச்சா கை கத்துக்கும்: கூடைப்பந்துப் பயிற்சிக் கருவிகளின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் விளையாடுற பிள்ளைகள் இருந்தா பொறுமையா கடைசி வரை வாசிச்சிடுங்க.

1/
ரெண்டு மாசம் முன்னாடி, ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை ஓ.பி. கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அப்பாவோடு வந்தாள். வலது கை நடுவிரலின் நுனி மட்டும் தலை கவிழ்ந்த மாதிரி தொங்குது. நிமிர்த்தச் சொன்னா முடியல. நான் பிடிச்சு நிமிர்த்தினா நிமிருது, விட்டா மறுபடி விழுது.

2/
பள்ளிக்கூட கூடைப்பந்து டீமில் ஆடுகிறாள். பெரிய வீரர்கள் கனமான பந்தை வைத்துப் பயிற்சி எடுப்பதை யூடியூபில் பார்த்திருக்கிறாள். உடனே சொந்தக்கார அண்ணனின் ரப்பர் மெடிசின் பாலை எடுத்து, சுவரில் எறிந்து எறிந்து பிடித்திருக்கிறாள். ஒரு தடவை பந்து நேராக விரல் நுனியில் வந்து மோதிவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒருவர் "வெறும் சுளுக்குதான்" என்று விரலை இழுத்து விட்டிருக்கிறார். நாலு நாள் கழித்து நம்மிடம் வந்திருக்கிறார்கள்.

3/
அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். என்னிடம் ரெண்டு கேள்வி கேட்டார். "சார், விரல் சரியாயிடுமா?" அது முதல் கேள்வி. அடுத்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கீழ்ப் பக்கம் மட்டும் மறைத்த ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. "இதை மாட்டிக்கிட்டு பழகினாதான் பெரிய டீமுக்குப் போக முடியும்னு பாப்பா சொல்லுது. வாங்கட்டுமா சார்?"

முதல் கேள்விக்கு ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லிட்டேன். ரெண்டாவது கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. அதுக்கு நாம 1891-க்குப் போகணும்.

4/
அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. டிசம்பர் மாதம், வெளியே கடும் குளிர். உள்ளே உடற்பயிற்சி வகுப்பில் 18 இளைஞர்கள். ஒரே மாதிரி கசரத்து செய்து செய்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது. தலைமை ஆசிரியர் லூதர் குலிக், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற 30 வயது ஆசிரியரைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு உள்ளரங்கில் ஆடுற மாதிரி ஒரு விளையாட்டு கண்டுபிடி" என்றார். கெடு 14 நாள்.

5/
நைஸ்மித் கனடாக்காரர். ஒன்பது வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். மாமா வீட்டில் வளர்ந்தார். பின்னாளில், 1898-ல், மருத்துவப் பட்டமும் வாங்கினார். ஆமாங்க, கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஒரு டாக்டர்! எங்க ஆளுன்னு ஒரு சின்ன பெருமை எனக்கு உண்டு. 😊

6/
அவர் யோசித்த விதத்தைப் பாருங்க. மற்ற விளையாட்டுகளில் அடிபடுவது ஏன்? பந்தோடு ஓடுகிறவனை நிறுத்த மேலே விழுந்து பிடிக்கிறார்கள். மரத்தரையில் அப்படி விழுந்தால் எலும்பு தாங்காது. சரி, பந்தோடு ஓடவே கூடாது என்று விதி போட்டுவிட்டால்? மேலே விழ வேண்டிய அவசியமே இல்லை. "பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும்" என்ற விதி இப்படித்தான் வந்தது. காயத்தைத் தடுக்கப் போட்ட விதி அது.

7/
வாயிற்காவலரிடம் ரெண்டு பெட்டி கேட்டார். அவர் பீச் பழக்கூடைகளைக் கொண்டு வந்தார். பத்தடி உயரத்தில் மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டினார்கள். பந்து? கால்பந்துதான். பக்கத்துக்கு 9 பேர், 13 விதிகள். விளையாட்டு ரெடி.

ஒன்றைக் கவனிங்க. இந்த 13 விதிகளில் நாம் இன்று "டிரிபிளிங்" என்று சொல்கிற, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகிற வித்தை கிடையாது.

8/
அது ஓட்டை வழியாக வந்த வித்தை. எதிராளிகள் சூழ்ந்துகொண்டார்கள், எறிய ஆள் இல்லை, ஓடவும் கூடாது. என்ன செய்வது? பந்தைக் கீழே போட்டுவிட்டு, நகர்ந்து போய்த் திரும்ப எடுத்தார்கள். கையில் பந்து இல்லாத நேரத்தில் ஓடினால் விதி மீறல் ஆகாதே! 1897 வாக்கில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அணி இதை ஒரு உத்தியாகவே ஆடியது என்று சொல்வார்கள்.

9/
ஆனால் அன்றைய பந்தை வைத்து இதைச் செய்வது லேசில்லை. கூடைப்பந்துக்கென்று தனிப் பந்து 1894 வாக்கில் வந்தது. தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே காற்றுப்பை வைத்து, மேலே ஷூவுக்குக் கட்டுற மாதிரி லேஸ் போட்டுக் கட்டிய பந்து. அந்த லேஸ் முடிச்சு தரையில் பட்டால் பந்து எந்தப் பக்கம் எகிறும்னு யாருக்கும் தெரியாது. அதனால் தட்டுகிறவன் கண்ணை எடுக்காமல் பந்தையே பார்த்தாக வேண்டும்.

10/
பந்தையே பார்க்கிறவனுக்குக் கூட ஆடுகிறவன் தெரியமாட்டான். அதனால் டிரிபிளிங்கையே ஒழிக்கணும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1927-ல் அமெரிக்க விதிக் குழு, ஒரே ஒரு தட்டுக்கு மேல் கூடாது என்று முடிவே எடுத்துவிட்டது. அதை முன்னின்று வலியுறுத்தியவர் விஸ்கான்சின் பயிற்சியாளர் வால்டர் மீன்வெல். அவரும் டாக்டர்! எதிர்த்தவர் நைஸ்மித்தின் மாணவர் ஃபாக் ஆலன். அவர் ஆஸ்டியோபதி படித்தவர். பயிற்சியாளர்களைத் திரட்டி ஒரு சங்கமே ஆரம்பித்தார். முடிவு வாபஸ் ஆனது, டிரிபிளிங் பிழைத்தது.

11/
இன்னொரு காட்சி. 1936, பெர்லின் ஒலிம்பிக். கூடைப்பந்து முதல்முறையாக ஒலிம்பிக் பதக்க விளையாட்டாகிறது. 74 வயது நைஸ்மித் நேரில் வந்திருக்கிறார். இறுதிப் போட்டி திறந்தவெளி மண் தரையில். கொட்டுது மழை. சேறான தரையில் தட்டின பந்து திரும்பி வரவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. இவ்வளவுதான் மொத்த ஸ்கோர்!

தட்டின பந்து அதே மாதிரி திரும்பி வந்தால்தான் கை அதை நம்பும். இந்த வரியை மனசில் வச்சுக்கோங்க.

12/
பிறகு லேஸ் இல்லாத பந்துகள் வந்தன, அச்சில் வார்த்த பந்துகள் வந்தன. பந்து ஒரே சீராக எழும்ப ஆரம்பித்தது. இனி பந்தைப் பார்த்துக்கொண்டே தட்டத் தேவையில்லை. ஆனால் பிள்ளைகள் பார்த்தார்கள்! இன்றைக்கும் எந்த மைதானத்துக்குப் போனாலும் பி.டி. சார் கத்துவது ஒன்றுதான்: "தலையைத் தூக்கு!"

பயிற்சிக் கருவிகளின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குது. கண்ணைப் பந்திலிருந்து பிரிப்பது எப்படி?

13/
அந்த அப்பா காட்டிய கண்ணாடி இதற்கான பழைய விடைகளில் ஒன்று. கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். நேரே பார்க்கலாம், கீழே பார்க்க முடியாது. கனமான பந்து இன்னொரு விடை. ஒரே நேரத்தில் ரெண்டு கையாலும் ரெண்டு பந்தைத் தட்டுவது இன்னொன்று. ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் டென்னிஸ் பந்தை எறிந்து பிடிப்பது மற்றொன்று. ஸ்டீஃபன் கரி ஆட்டத்துக்கு முன் ரெண்டு பந்தோடு செய்யும் பயிற்சியைப் பார்க்கவே கூட்டம் சீக்கிரமா வந்துடும்.

கனமான பந்தைத் தனியா வையுங்க, அதுக்குக் கடைசியில் வரேன். மற்ற மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்யுது: கண்ணைப் பந்திடமிருந்து பிடுங்கி வேறு எங்கோ அனுப்புது.

14/
இப்போ கொஞ்சம் மருத்துவம். கண்ணில் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசைய ஏறத்தாழ 200 மில்லி செகண்ட் ஆகும். தொடுதலுக்குக் கை பதில் சொல்ல அதைவிடக் குறைந்த நேரம் போதும். விரல் நுனித் தோலிலும், தசைகளுக்கு உள்ளேயும் உணர்வுக் கருவிகள் இருக்கு. கை எங்கே இருக்கு, எவ்வளவு அழுத்தம், பந்து எப்போ வந்து தொட்டது என்று இவை மூளைக்கு ஓயாமல் தகவல் அனுப்பும்.

15/
சிறுமூளை இந்தத் தகவல்களை வைத்து அடுத்து என்ன நடக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போடும். கணக்கு தப்பினால் திருத்திக்கொள்ளும். ஆயிரம் தடவை தட்டினால் ஆயிரம் தடவை திருத்தம். அதனால்தான் பந்து ஒரே சீராக எழும்ப வேண்டியிருந்தது. லேஸ் முடிச்சுப் பந்திலும் பெர்லின் சேற்றிலும் சிறுமூளையால் கணக்கே போட முடியாது.

16/
கை கற்றுக்கொள்வது நாம் "ஞாபகம்" என்று சொல்வதிலிருந்து வேறானது. 1953-ல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்பவரின் மூளையில் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை அகற்றினார்கள். அதன் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார் பிரெண்டா மில்னர். நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் "இதை நான் செஞ்சதே இல்லையே" என்பார்!

அவருக்குத் தெரியாது. அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

17/
எங்களுக்கும் இதே பாடம்தான். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஹாஸ்டல் கட்டில் காலில் நூலைக் கட்டி ஒற்றைக் கை முடிச்சு போட்டுப் பழகுவோம். ஒரு சீனியர் வந்து லைட்டை அணைத்துவிட்டுப் போவார். முதல் வாரம் அவர் மேல் அவ்வளவு கோபம். ஒரு நாள் நடுராத்திரி தியேட்டரில், ரத்தம் நிறைந்த ஆழத்தில், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் விரல் தானாக முடிச்சு போட்டது. அப்போதான் லைட்டை ஏன் அணைத்தார்னு புரிந்தது.

18/
இதை உச்சத்துக்குக் கொண்டு போன ஒரு பிள்ளையின் கதைக்கு வருவோம். பீட் மராவிச். பிறந்தது 1947, அமெரிக்காவின் பென்சில்வேனியா. அப்பா பிரெஸ் மராவிச் கூடைப்பந்துப் பயிற்சியாளர். மகனுக்காகப் புதுப் புதுப் பயிற்சிகள் கண்டுபிடிப்பார். பந்தைக் கால்களுக்கு நடுவே, முதுகுக்குப் பின்னே, கழுத்தைச் சுற்றி மின்னல் மாதிரி சுழற்றுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப் பெயர் உண்டு. கருவி என்று பார்த்தால் பந்து ஒன்றுதான்.

19/
கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டினான் பையன். சினிமா தியேட்டரில் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, படம் பார்த்துக்கொண்டே நடைபாதையில் தட்டினான். அப்பா காரை மெதுவாகவும் வேகமாகவும் ஓட்ட, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ரோட்டில் தட்டினான்! (பிள்ளைகளா, இதை மட்டும் செஞ்சுடாதீங்க. அப்புறம் ஆர்த்தோ வார்டில்தான் சந்திப்போம்.)

20/
பலன்? லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 3 சீசன், 3,667 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 44.2. மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலம் அது. அமெரிக்கக் கல்லூரி ஆடவர் முதல் பிரிவில் அந்த மொத்தக் கணக்கை இன்று வரை யாரும் தாண்டவில்லை. பிறகு பத்து வருஷம் தொழில்முறை ஆட்டம். 1987-ல், தன் பயிற்சிகளை எல்லாம் வீடியோவாக எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

21/
1988 ஜனவரி 5. கலிஃபோர்னியாவின் பசடேனாவில் நண்பர்களோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் அப்படியே சரிந்து விழுந்தார். உயிர் போய்விட்டது. வயது 40.

பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது: இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் இடது கரோனரி தமனி அவருக்குப் பிறவியிலேயே இல்லை. வலது தமனி ஒன்றே பெருத்துப்போய் முழு இதயத்தையும் தாங்கியிருக்கிறது. அந்த இதயத்தோடுதான் அத்தனை வருஷம் ஓடியிருக்கிறார்.

22/
ஒரு டாக்டராக என்னால் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியல. அந்தக் கைகளுக்கு இருபது விதப் பயிற்சி இருந்தது. இதயத்தில் ஒரு குறை இருப்பது மட்டும் கடைசி வரை யாருக்கும் தெரியல.

விளையாடும் பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, ஓடும்போது நெஞ்சு வலி என்றாலோ, குடும்பத்தில் யாராவது இள வயதில் திடீரென இறந்திருந்தாலோ, "வெயில்", "சாப்பிடல" என்று விட்டுவிடாதீங்க. ஆட்டத்தை நிறுத்திட்டு டாக்டரிடம் காட்டுங்க. எந்தக் கருவி வாங்குவதற்கும் முன்னாடி இது.

23/
இனி நம் காலத்துக் கருவி. 2011-ல் ஒரு பெரிய ஷூ கம்பெனி, பளிச் பளிச் என்று பார்வையை மறைத்து மறைத்துத் திறக்கும் ஸ்ட்ரோப் கண்ணாடியைக் கொண்டு வந்தது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். அசைவைக் கண்டுபிடிப்பது போன்ற சிலவற்றில் முன்னேற்றம், வேறு சிலவற்றில் ஒன்றும் இல்லை. 2013-ல் ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் செய்த ஆய்வில் 18% முன்னேற்றம் என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மொத்தம் 11 வீரர்கள். பதினொரு பேரை வைத்து ஊருக்கே மருந்துச் சீட்டு எழுத முடியாதுங்க.

24/
எனக்குப் பிடித்த ஆய்வுக்கு வெறும் மணி மூட்டை போதுமாக இருந்தது. 1978, கெர், பூத் என்ற ஆய்வாளர்கள். எட்டு வயதுப் பிள்ளைகளைச் சின்ன மூட்டையைக் குறி பார்த்துப் போடச் சொன்னார்கள். ஒரு குழு 3 அடி தூரத்தில் மட்டும் பழகியது. இன்னொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது, 3 அடியில் ஒரு தடவைகூட இல்லை. கடைசியில் 3 அடியில் பரீட்சை. யார் ஜெயித்தது? 3 அடியில் பழகாத குழு!

ஒரே மாதிரி பழகினால் அந்த ஒன்று மட்டும் வரும். மாற்றி மாற்றிப் பழகினால் கைக்குக் கணக்கே புரிந்துவிடும்.

25/
ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் ஒரு நூல் உண்டு. அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. நம்ம ஊர் பள்ளிக்கூடங்களில் "தலையைத் தூக்கு" என்று கத்தும் எத்தனையோ பி.டி. சார்கள் அந்த வழியில் வந்தவர்கள். விலை உயர்ந்த எந்தக் கருவியும் இல்லாமல் அவர்கள் உருவாக்கிய ஆட்டக்காரர்கள் ஏராளம்.

26/
சரி, அந்த விரல்? எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு பெயரவில்லை. விரல் நுனியை நிமிர்த்தும் தசைநார் அறுந்திருந்தது. 'மேலட் ஃபிங்கர்' என்போம். நுனி மூட்டை நேராக வைத்து 6 முதல் 8 வாரம் ஸ்பிளிண்ட். ராத்திரி பகல் கழற்றக் கூடாது. நடுவில் ஒரு தடவை நுனியைத் தொங்க விட்டாலும் வாரக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். விரலில் பந்து பட்டு நுனி தொங்கினால் தயவுசெய்து யாரிடமும் இழுத்துவிடக் கொடுக்காதீங்க.

27/
கனமான பந்து பற்றியும் சொல்லிடறேன். வளர்ந்த பெண்கள் ஆடும் 6-ம் எண் பந்தே அரை கிலோவுக்குச் சற்று மேல்தான். பயிற்சிக்கு விற்கும் கனப் பந்து ஒன்றேகால் கிலோவுக்கு மேலும் இருக்கும். எடை மாறினால் பந்து எழும்பும் நேரமும் மாறும், சிறுமூளையின் கணக்கும் மாறும். வளரும் விரல்களுக்கு ஆபத்து வேறு. பிள்ளைகளுக்கு அவரவர் வயதுக்கேற்ற பந்து போதும். மெடிசின் பாலை எறிந்து பிடிப்பது வேண்டவே வேண்டாம்.

28/
கண்ணாடி பற்றி அப்பாவிடம் சொன்னது இது: "அண்ணே, அது கெட்ட சாமான் இல்ல. ஆனா அது செய்யுற வேலை கீழ்ப் பார்வையை மறைக்கிறது மட்டும்தான். அதுக்கு ரெண்டு நாள் சம்பளம் தேவையில்ல. அவ தட்டும்போது நீங்க எதிர்ல நின்னு விரல் காட்டுங்க. எத்தனை விரல்னு அவ சொல்லிக்கிட்டே தட்டட்டும்."

பிள்ளையிடம் சொன்னேன்: "வலது கைக்குத்தானே லீவு? இடது கை சும்மாதானே இருக்கு. நின்ன இடத்தில், தனியா, மெதுவா தட்டு."

29/
போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தார்கள். எட்டு வாரம் முடிந்தது. ஸ்பிளிண்டைக் கழற்றினேன். நுனி நிமிர்ந்து நின்றது, கொஞ்சூண்டு தாழ்வு மட்டும் இருக்கு. இன்னும் சில வாரம் ராத்திரி மட்டும் போடச் சொல்லியிருக்கேன்.

அப்பா கண்ணாடி வாங்கவில்லை. பிள்ளை சோப்பு டப்பா அட்டையை வெட்டி, பாட்டியின் பழைய கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி, தானே ஒன்று செய்திருக்கிறாள். பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். மாட்டிப் பார்த்தேன். நேரே அவள் முகம் தெரிந்தது, கீழே என் கை தெரியல. நல்லாத்தான் வேலை செய்யுது.

30/
"இடது கை எப்படிம்மா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார்: "சார், டி.வி. பாத்துக்கிட்டே தட்டுது. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க."

இதுக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்லைங்க. 😊

பி.டி. சார்கள், விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களிடம் சேர்த்துடுங்க.